இயற்கைத் தன்னார்வலர் பயிற்சி: முதல் அணியை நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் பகுதியிலுள்ள ஒரு நீர்நிலைக்கோ சிறு காட்டுக்கோ உதவ இருபது பேர் முன்வந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் உடனே பேச்சாளர்களைத் தேடத் தொடங்குவார்கள். பறவைக்கு ஒருவர், பூச்சிக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர். சில வாரங்கள் நல்ல நல்ல உரைகளாக நடக்கும். கடைசி நாளில் சான்றிதழ், குழுப்படம். அதற்கடுத்த வாரம் யாராவது ஒருவர், "சரி, இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பார். அப்போதுதான் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை என்பது தெரியவரும்.

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பாடத்திட்டத்தைப் போட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் உயிரியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆட்களை ஒருங்கிணைக்கவும், நாட்காட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளவும் தெரிந்தால் போதும்.

புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய முறையும் அல்ல இது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், தோட்டக்கலை பற்றிப் பொதுமக்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தன் அலுவலர்களால் மட்டும் பதில் சொல்லி மாளாது என்று, ஆர்வமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே பதில் சொல்ல வைத்தது. அதே வழியில் 1990களின் பிற்பகுதியில் டெக்சாஸ் மாநிலத்தில் இயற்கைத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும் 'மாஸ்டர் நேச்சுரலிஸ்ட்' திட்டம் தொடங்கியது. சான் அன்டோனியோ நகரில் 1997இல் ஒரு உள்ளூர்க் குழுவாக ஆரம்பித்து, அடுத்த ஆண்டே மாநிலத் திட்டமாக விரிந்தது. பிறகு வேறு பல மாநிலங்களும் தங்களுக்கேற்ற வடிவில் எடுத்துக்கொண்டன. அதன் கணக்கு எளிது: குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி, பதிலுக்கு ஆண்டுக்கு 40 மணி நேரச் சேவை, அதோடு ஆண்டுக்கு 8 மணி நேர மேற்பயிற்சி.

இந்த எண்களை அப்படியே பின்பற்றியாக வேண்டும் என்றில்லை. ஆனால் அதிலுள்ள கொடுக்கல் வாங்கலை விட்டுவிடாதீர்கள். பயிற்சிக்குப் பதிலாக உழைப்பு கேட்கப்படும் என்பது முதல் நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: வேலையைத் தேடுங்கள், ஆட்கள் அப்புறம்

பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே, உங்கள் பகுதியில் நிலத்தையும் நீரையும் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். வனத்துறை, உள்ளாட்சி, பூங்கா நிர்வாகம், பள்ளி ஆசிரியர்கள், தனியார் நிலமாக இருந்தால் அதன் உரிமையாளர். "எங்களால் என்ன உதவி செய்ய முடியும்?" என்று பொதுவாகக் கேட்டால், "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாற்றிக் கேளுங்கள். "ஆள் இல்லாததால் நின்றுபோன வேலை எது? யாராவது தொடர்ந்து கணக்கெடுத்துக் கொடுத்தால் உங்களுக்கு எந்தத் தகவல் பயன்படும்? எந்த மாதத்தில் ஆட்கள் தேவைப்படுவார்கள்?"

இப்படிச் சேரும் வேலைகள் பொதுவாக மூன்று வகையில் அடங்கும். ஒன்று, கண்காணிப்பு: பறவை, வண்ணத்துப்பூச்சி, நீரின் தரம் போன்றவற்றைத் தொடர்ந்து பதிவது. இரண்டு, வாழிடப் பராமரிப்பு: அயல் களைகளை அகற்றுவது, நாற்றுப் பண்ணை, நடைபாதையைச் சீர்செய்வது. மூன்று, கல்வி: பள்ளிக் குழந்தைகளுடன் வேலை, பொதுமக்களுக்கான இயற்கை நடை.

முதல் அணிக்கு மூன்றையும் எடுத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். இரண்டு வகை, அவற்றுக்குள் நான்கைந்து குறிப்பிட்ட வேலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இடம், எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன கருவி, யாருடைய அனுமதி, முடிவில் யாரிடம் என்ன போய்ச் சேர வேண்டும். கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாத வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தாங்கள் அனுப்பும் தகவலை யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்த நாளோடு தன்னார்வலர்களின் வேகம் குறைந்துவிடும்.

அனுமதி எழுத்தில் இருக்கட்டும். இன்று வாய்மொழியாகச் 'சரி' சொன்ன அதிகாரி நாளை மாற்றலாகிப் போகலாம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் நுழையவும், செடியையோ உயிரினத்தையோ கையாளவும் தனி விதிகள் இருக்கும். நல்ல நோக்கத்தோடு போனோம் என்பது அங்கே எடுபடாது.

இரண்டாம் படி: யாரைச் சேர்ப்பது

முதல் அணிக்குப் பதினைந்து முதல் இருபது பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் களத்தில் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கேட்காது, தெரியாது.

விண்ணப்பத்தில் அறிவைச் சோதிக்கும் கேள்விகள் வேண்டாம். பத்துப் பறவைகளின் பெயர் தெரியாதவர் பயிற்சியில் கற்றுக்கொள்வார். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட ஒதுக்க முடியாதவருக்கு நேரத்தை நீங்கள் உண்டாக்கிக் கொடுக்க முடியாது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: வாரத்தில் எந்த நேரம் உங்களுடையது? இதற்கு முன் எந்த வேலையைத் தொடர்ந்து ஓராண்டு செய்திருக்கிறீர்கள்? உங்களுக்கு எது கைவந்த கலை? தச்சு வேலை தெரிந்தவர், கணக்கு எழுதுபவர், ஓய்வுபெற்ற செவிலியர், படம் வரைபவர், ஆடு மேய்த்து வளர்ந்தவர் என்று எல்லோருக்கும் இடம் உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாதவர்கள் நாற்றுப் பண்ணையிலும், பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதிலும், புகைப்படங்களிலிருந்து இனம் காண்பதிலும் பெரிய வேலை செய்வார்கள். இதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

குழந்தைகளோடு வேலை இருந்தால் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். தெரிந்தவர், நண்பரின் நண்பர் என்ற விலக்கெல்லாம் கிடையாது. எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையுடன் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: நேரத்தைப் பிரிப்பது

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒத்துவரும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். பத்து வாரங்கள், வாரத்துக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரம். அது 20 மணி. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் காலையில் நான்கு மணி நேரக் களப்பயிற்சி, மொத்தம் ஐந்து. அது 20 மணி. ஆக 40. பாதிக்குப் பாதி களம். இதைவிடக் களம் கூடினால் நல்லது, குறையவே கூடாது.

முதல் சந்திப்பைக் களத்திலேயே வையுங்கள். வந்தவர்களுக்கு எதையும் விளக்காமல், பட்டியலிலுள்ள வேலைகளில் ஒன்றைச் செய்ய விடுங்கள். அரை மணி நேரம் ஒரு பாதையில் நடந்து, பார்த்த வண்ணத்துப்பூச்சிகளை எண்ணச் சொல்லலாம். இருபது பேரும் இருபது எண்ணிக்கைகளோடு வருவார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அவர்களே விவாதிக்கத் தொடங்குவார்கள். அடுத்த வாரம் 'கணக்கெடுப்பு முறை' என்று பாடம் எடுக்கும்போது, அது அவர்களுடைய கேள்விக்கான பதிலாக இருக்கும். பெரியவர்கள் கற்பது இப்படித்தான். ஏன் தேவை என்று உணராத ஒன்றை அவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

வல்லுநர்களை அழைக்கும்போது தலைப்பை மட்டும் கொடுத்து அழைக்காதீர்கள். "நீர்ப்பறவைகள் பற்றிப் பேசுங்கள்" என்றால் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்லைடுகளோடு வருவார், பாதி அவருடைய ஆய்வுக் கட்டுரையிலிருந்து. (அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. நாம் கேட்டதைத்தான் கொண்டுவந்தார்.) "இந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இவர்களால் எங்கள் நீர்நிலையில் அடிக்கடி வரும் பதினைந்து பறவைகளைப் பிரித்தறிய முடிய வேண்டும், பாதி நேரம் அவர்கள் கையில் பைனாகுலர் இருக்க வேண்டும்" என்று சொல்லி அழையுங்கள். நல்ல வல்லுநர்கள் இப்படிக் கேட்பதை விரும்புவார்கள்.

வந்திருப்பவர்களுக்குள்ளேயே வல்லுநர்கள் இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். முப்பது ஆண்டுகள் அந்த நீரில் மீன் பிடித்தவருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இருக்காது. அவருக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

நான்காம் படி: பார்க்கப் பழக்குவது

புதியவர்கள் எல்லோரும் பெயர்களைத்தான் கேட்பார்கள். பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் முதல் இரண்டு களப்பயிற்சிகளில், பெயர் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அளவு என்ன, அலகு தடித்ததா மெலிந்ததா, தரையில் நடக்கிறதா தத்துகிறதா, வாலை ஆட்டுகிறதா, தனியாக இருக்கிறதா கூட்டமாகவா. செடியானால் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றனவா மாறி மாறியா, கசக்கினால் வாசனை வருகிறதா, தண்டு உருண்டையா சதுரமா. இவற்றைச் சொல்லப் பழகியவருக்குப் பிறகு எந்தக் கையேட்டையும் புரட்டத் தெரிந்துவிடும்.

இனங்களுக்கு முன் குடும்பங்களைச் சொல்லிக்கொடுங்கள். தட்டானையும் ஊசித்தட்டானையும் எப்படிப் பிரிப்பது? உட்காரும்போது தட்டான் இறக்கைகளை விரித்து வைத்திருக்கும், பெரும்பாலான ஊசித்தட்டான்கள் உடலோடு ஒட்டி மடித்துக்கொள்ளும். இந்த அளவு தெரிந்தாலே முதல் மாதத்துக்குப் போதும். ஐந்நூறு இனங்களின் பட்டியலைக் கொடுத்தால், மனப்பாடத்துக்கு அஞ்சியே சிலர் மூன்றாவது வாரம் காணாமல் போய்விடுவார்கள்.

பைனாகுலரைப் பற்றி ஒரு வார்த்தை. 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்சின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். புதியவர்களுக்கு எட்டு மடங்கே நல்லது. உருப்பெருக்கம் கூடக் கூட கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். பறவையைக் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கத்தைக் கால் மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி கொடுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் வளையத்தை உள்ளே திருகி வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டால், அவர்கள் பாதி வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சங்கடப்பட்டு அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

குறிப்பேட்டுக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கறாரானவன். ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தாக வேண்டும். மழையில் பேனா மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வானிலை, உடன் வந்தவர்கள். இவற்றை எழுதிய பிறகுதான் பார்த்தவற்றை எழுத வேண்டும். கலிபோர்னியாவில் ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியலாளர் இருந்தார். பெர்க்லியில் 1908இல் தொடங்கிய முதுகெலும்பு விலங்குகள் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். அவரும் அவருடைய குழுவும் 1914 முதல் 1920 வரை யோசெமிட்டி பகுதியில் எங்கே எந்த விலங்கைப் பார்த்தோம் என்று மிக விரிவாக எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போனார்கள். ஆராய்ந்த 28 வகைச் சிறு பாலூட்டிகளில் பாதியின் வாழிட எல்லை சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மலையில் மேலே நகர்ந்திருந்தது. வெப்பநிலை உயர்ந்ததன் விளைவு அது. 'இன்று நிறைய அணில்களைப் பார்த்தோம்' என்று எழுதியிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. இந்தக் கதையைப் பயிற்சியில் சொன்னால், தேதி எழுத மறப்பவர்களின் எண்ணிக்கை குறையும்.

ஐந்தாம் படி: எண்ணுவது, பதிவது

கண்காணிப்பு வேலையில் முக்கியமானது, எல்லோரும் ஒரே முறையில், ஒவ்வொரு தடவையும் ஒரே முறையில் செய்வது. இதற்குப் பாடமாக வைக்கத்தக்கது பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சிக் கண்காணிப்புத் திட்டம். 1976இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. பெரும்பகுதி வேலை தன்னார்வலர்களுடையது. ஒரு நிலையான பாதை. அதில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரம் ஒரு முறை, சீரான வேகத்தில் நடக்க வேண்டும். இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் என்று ஒரு கற்பனைப் பெட்டி. அதற்குள் வரும் பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அரிய பூச்சி பறந்தாலும் கணக்கில் வராது. 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் இருந்தால் நடப்பதில்லை. 13 முதல் 17 வரை என்றால் வெயில் இருந்தாக வேண்டும்.

இந்த எண்கள் அந்தக் குளிர்ந்த தீவுக்கானவை. உங்கள் பருவத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற எல்லைகளை நீங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும். வகுத்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு மாற்றக் கூடாது. பாதையைச் சற்று அழகான பக்கமாகத் திருப்பிவிடலாமே என்று யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள். அந்த மாற்றத்தைச் செய்த கணத்தில் பழைய பதிவுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

புதியவர்களுக்குக் கடினமாக இருப்பது பூச்சியத்தைப் பதிவது. "ஒன்றும் பார்க்கவில்லை, எதற்கு எழுத வேண்டும்?" என்பார்கள். போனோம், தேடினோம், இல்லை என்பதும் தகவல்தான். யாரும் போகவில்லை என்பதற்கும் போய் எதையும் காணவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பூச்சியத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் பங்கேற்று 2002இல் தொடங்கிய, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்தில், ஒவ்வொரு பட்டியலை ஏற்றும்போதும் "இனம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்திருக்கிறீர்களா?" என்று கேட்பதும் இதற்காகத்தான். காக்கையை விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் எழுதும் பட்டியலிலிருந்து காக்கைகள் குறைகின்றனவா என்பதை ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது.

உயிரினங்களைப் படம் எடுத்துப் பதிவேற்றி இனம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பயன்படுத்தினால் அது தரும் பரிந்துரையை அப்படியே நம்பாமலிருக்கச் சொல்லிக்கொடுங்கள். தேதி, இடம், படம் அல்லது ஒலி இருந்து, இனம் காண்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அங்கே ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். தொட்டியில் வளர்க்கும் செடியையும் வீட்டு நாயையும் பதிவேற்றிவிட்டு, ஏன் தரம் கிடைக்கவில்லை என்று கேட்பவர்கள் எல்லா அணியிலும் உண்டு. இலையின் அடிப்பக்கம், பூ, காய், பட்டை என்று ஒரே செடிக்கு நான்கைந்து படங்கள் எடுக்கப் பழக்குங்கள். இரண்டு தளங்களையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். கடவுச்சொல் பிரச்சினையிலேயே ஒரு மாலை போய்விடும்.

இன்னொன்று, இடத்தை வெளியிடுவது பற்றி. ஆந்தைக் கூடு, அரிய ஆர்க்கிட், ஆமைகள் முட்டையிடும் கரை, இவற்றின் துல்லியமான இடம் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போகக் கூடாது. ஐநேச்சுரலிஸ்ட் அழிந்துவரும் இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்துக் காட்டும். ஆனால் நம் ஆட்கள் பெருமையில் அனுப்பும் படத்தில் பின்னணியில் ஒரு கோபுரமோ பாலமோ தெரிந்தால் போதும், இடம் எது என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அணி தனியாக எண்ணத் தொடங்கும் முன், இரண்டு பேர் சேர்ந்து நடந்து தனித்தனியாக எழுதி, முடிவில் ஒப்பிடும் பயிற்சியை மூன்று நான்கு தடவையாவது வையுங்கள். எண்ணிக்கைகள் ஓரளவு நெருங்கி வந்த பிறகு தனியே அனுப்பலாம்.

ஆறாம் படி: மண்ணில் இறங்கும் வேலை

இந்தப் பகுதியில் நீங்கள் சந்திக்கப்போகும் பெரிய சிக்கல் மரம் நடும் ஆசை. எல்லோருக்கும் மரம் நட வேண்டும், பெயர்ப்பலகையோடு. ஆனால் புல்வெளியில் மரம் நட்டால், திறந்த வெளியில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அந்தப் புல்லை நம்பியிருக்கும் பூச்சிகளுக்கும் இடம் போய்விடும். சதுப்பு நிலத்துக்கும் அப்படித்தான். 'இந்த இடம் இயல்பாக எப்படி இருக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு விடை தெரியும்வரை மண்வெட்டியைத் தொடக் கூடாது என்பதை ஒரு முழு மாலை பேசலாம். பழைய வரைபடங்களும், அங்கேயே வாழ்ந்த முதியவர்களும் இதற்கு உதவுவார்கள்.

களை அகற்றுவது சுலபமாகத் தெரியும். சரியான செடியை, சரியான மாதத்தில், திரும்பி வரும் திட்டத்தோடு அகற்றினால்தான் பயன். விதை உதிர்வதற்கு முன் எடுக்க வேண்டும். உண்ணிச்செடியை மேலே வெட்டிவிட்டுப் போனால் அடியிலிருந்து தழைத்து இன்னும் அடர்த்தியாக வரும். வேரோடு எடுத்த பிறகும் அடுத்த ஆண்டுகளில் நாற்றுகளைப் பிடுங்கத் திரும்பி வர வேண்டியிருக்கும். ஆகாயத்தாமரை சாதகமான சூழலில் இரண்டு வாரங்களுக்குள் இரு மடங்காகப் பெருகக்கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் சேர்ந்து பாதியை அகற்றிப் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட, பத்துப் பேர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவது மேல். எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீர்கள். மழை அதைத் திரும்ப நீருக்குள் சேர்த்துவிடும். ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் முன் காலணியையும் கருவிகளையும் கழுவுவது கட்டாயம், விதைகள் அதில்தான் பயணம் செய்யும்.

செடியைப் பிடுங்கும் முன் அதை உரக்கச் சொல்லி இன்னொருவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளும் பழக்கம் நல்லது. உற்சாகத்தில் நாட்டுச் செடிகளும் போய்விடும்.

ஏழாம் படி: அடுத்தவருக்குச் சொல்வது

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக எழுதிய ஃப்ரீமன் டில்டன், 1957இல் வெளியிட்ட கொள்கைகளில் இரண்டு இங்கே உதவும். மக்களுக்கு இயற்கையை விளக்குவதன் முதன்மை நோக்கம் பாடம் கற்பிப்பது அல்ல, ஆவலைத் தூண்டுவது என்றார். குழந்தைகளுக்கான நிகழ்ச்சி, பெரியவர்களுக்கானதன் நீர்த்த வடிவமாக இருக்கக் கூடாது, அடிப்படையிலேயே வேறாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டாவதை நடைமுறையில் பார்ப்போம். எட்டு வயதுக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து உணவுச் சங்கிலியை விளக்கினால், மூன்றாவது நிமிடம் கவனம் கலையும். உதிர்ந்த இலைகளில் கடிக்கப்பட்ட இலைகளை மட்டும் பொறுக்கி வரச் சொல்லுங்கள். எத்தனை விதமான கடி இருக்கிறது, விளிம்பில் கடித்தது யார், நடுவில் ஓட்டை போட்டது யார், இலையின் உள்ளேயே சுரங்கம் தோண்டியது யார் என்று அவர்களே கேட்பார்கள். சங்கிலியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டாலும் பாதகமில்லை.

நடை நடத்தும் கைத்திறன்கள் எளியவை, ஆனால் யாரும் சொல்லித்தராவிட்டால் தெரியாது. வெயில் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள், கேட்பவர்கள் கண்ணில் படக் கூடாது. கடைசி ஆள் வந்து சேரும்வரை பேசத் தொடங்காதீர்கள். குழுவின் கடைசியில் உங்கள் ஆள் ஒருவர் எப்போதும் வரட்டும். பறவையைப் பார்க்க வைக்க "அதோ அங்கே" என்று விரல் நீட்டினால் யாருக்கும் தெரியாது. "பட்டுப்போன கிளை தெரிகிறதா, அதன் நுனியிலிருந்து இடப்பக்கம் ஒரு கையளவு" என்று சொல்லப் பழகுங்கள். முன்னால் நிற்பவரின் கேள்வியைப் பின்னால் இருப்பவர்களுக்காகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்க விட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். இனப்பெருக்க காலத்தில் அது எல்லையைக் காக்க ஓடி வந்து வீணாகக் களைத்துப்போகும்.

பயிற்சியில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஒரு பொருளை வைத்துப் பேச வேண்டும். ஒரு விதை, ஒரு இறகு, ஒரு குளவிக்கூடு. மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும், குறைந்தது ஒரு கேள்வியாவது பேசுபவருக்குப் பதில் தெரியாததாக இருக்க வேண்டும். "எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோமா?" என்று சிரித்த முகத்தோடு சொல்வதையும் இப்படித்தான் பழக்க முடியும். பதில் தெரியாதபோது கதை கட்டிவிடுபவர்தான் கல்விப் பணியில் உங்களுக்குப் பெரிய ஆபத்து.

பொதுமக்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே பதில் சொல்லவும் பயிற்சி கொடுங்கள். தரையில் கிடக்கும் பறவைக் குஞ்சு ஒரு நல்ல உதாரணம். இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பறக்கப் பழகும் குஞ்சு, தாய் தந்தை அருகிலேயே இருக்கும். பூனை, வண்டி போன்ற ஆபத்து இருந்தால் பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு விலகி நிற்கலாம். இறகே இல்லாத குஞ்சானால், கூடு எட்டினால் திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் ஏற்காது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான பறவைகள் அப்படிக் கைவிடுவதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்ப்பது குஞ்சுக்கும் நல்லதல்ல, பல இடங்களில் சட்டப்படி குற்றமும்கூட.

எட்டாம் படி: பாதுகாப்பு

முதலுதவிப் பயிற்சியை வெளியாரை வைத்து முறையாக நடத்துங்கள். ஒவ்வொரு களப்பயணத்துக்கும் ஒருவர் பொறுப்பு, பெயர்ப் பட்டியல், அவசரத் தொடர்பு எண்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழி, இவை தாளில் இருக்கட்டும். காட்டுக்குள் போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். யாருக்கு ஒவ்வாமை, யாருக்கு இதய நோய் என்பதைப் பொறுப்பாளர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

பாம்புக்கடி பற்றி எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டியது இது: கடிபட்டவரை அமைதியாக, அசையாமல் வைத்திருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் போன்றவற்றைக் கழற்ற வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பாம்பைத் துரத்தக் கூடாது. நேரே மருத்துவமனைக்கு. இடி கேட்டால் திறந்த வெளியையும் தனி மரத்தையும் விட்டு விலகி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பாதுகாப்பான கட்டடத்திலோ வண்டிக்குள்ளோ இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பயிற்சி முடிந்த பிறகு

கடைசி வகுப்புக்கும் முதல் வேலைக்கும் இடையே இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இன்னும் நல்லது, ஆறாவது வாரத்திலேயே எல்லோரும் ஏதாவது ஒரு வேலையில் கைவைத்துவிடுவது. சான்றிதழைப் பயிற்சி முடித்ததற்காகக் கொடுக்காமல், முதல் ஆண்டின் சேவை நேரத்தை முடித்ததற்குக் கொடுங்கள். டெக்சாஸ் திட்டத்திலும் வகுப்பு முடித்ததும் சான்று கிடைத்துவிடாது, சேவையும் மேற்பயிற்சியும் சேர்ந்தால்தான்.

சேவை நேரத்தைப் பதிய ஒரு எளிய தாள் போதும்: தேதி, வேலை, மணி, ஒரு வரிக் குறிப்பு. மாதம் ஒரு முறை மொத்தத்தை எல்லோருக்கும் அனுப்புங்கள். நிலப் பொறுப்பாளர்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அனுமதி கேட்கும்போது இந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

எல்லோரும் நீடிக்க மாட்டார்கள். இருபதில் சிலர் முதல் ஆண்டுக்குள் விலகுவார்கள், வேலை மாற்றம், உடல்நலம், ஆர்வக் குறைவு என்று காரணங்கள் பல. விலகுபவரிடம் ஒரு பத்து நிமிடம் பேசிக் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'என்னை யாரும் கூப்பிடவில்லை' என்று ஒருவர் சொன்னாலும் அது உங்கள் ஏற்பாட்டிலுள்ள ஓட்டை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவர் தன் நான்கைந்து பேரை மாதம் ஒரு முறையாவது நேரில் அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இது பெருமளவு குறையும். குழுவில் செய்தி போடுவது அழைப்பு ஆகாது.

அணிக்குள் மனஸ்தாபம் வரும். நிறையத் தெரிந்த ஒருவர் மற்றவர்களின் தவறுகளை எல்லோர் முன்னும் திருத்திக்கொண்டே இருப்பதுதான் வழக்கமான வடிவம். அவரைத் தனியே அழைத்து, திருத்துவதையே வேலையாகக் கொடுத்துவிடுங்கள். மாதாந்தரப் பதிவுகளைச் சரிபார்த்து, ஐயமுள்ளவற்றை அந்தந்த நபரிடம் தனியாகக் கேட்கும் பொறுப்பு. பெரும்பாலும் பலிக்கும்.

மேற்பயிற்சிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் வேலையில் எழுந்த கேள்விகளைக் குறித்து வையுங்கள். ஒத்த உருவமுள்ள இரண்டு பூச்சிகளைப் பிரிக்கத் தெரியவில்லை, புல் வகைகள் யாருக்கும் தெரியவில்லை, பதின்வயதினரிடம் பேச வரவில்லை என்று ஒரு பட்டியல் சேரும். அடுத்த 8 மணி நேரத்தின் பாடத்திட்டம் அதுதான்.

இரண்டாவது அணியைத் தொடங்கும்போது முதல் அணியிலிருந்து மூன்று நான்கு பேரைப் பயிற்றுநர்களாக எடுங்கள். மிக அதிகம் தெரிந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை; சென்ற ஆண்டு தாங்கள் எங்கே குழம்பினோம் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் நல்ல பயிற்றுநர்கள் ஆவார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் புதியவர்கள் ஐந்து பேரைத் தங்கள் வழக்கமான கணக்கெடுப்புப் பாதைக்கு அழைத்துப் போகட்டும். அந்த நாட்களில் நீங்கள் உடன் போக வேண்டியதில்லை. அனுமதிக் கடிதங்களின் காலக்கெடுவைச் சரிபார்க்கவும், அடுத்த ஆண்டுக்கான வேலைப் பட்டியலோடு நிலப் பொறுப்பாளர்களை மறுபடி சந்திக்கவும் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.